67 வயதில் ஓட்டமும் நம் கேட் ராம்பும்

(2026 குடியரசு தினத்தன்று, கொடியேற்றத்துக்குப் பிறகு நம் வளாகத்தில் பேசியது. அன்று ஊரில் இல்லாத சிலர் கேட்டதால், கொஞ்சம் ஒழுங்குபடுத்தி இங்கே எழுதித் தந்திருக்கிறேன்.)

 

செயலாளர் என்னைப் பதினைந்து நிமிடம் பேசச் சொன்னார். "சார், தினமும் காலையில் ஓடுறீங்களே, அதைப் பத்திச் சொல்லுங்க. நம்ம பெரியவங்களுக்கு உபயோகமா இருக்கும்" என்றார். சரி என்றேன். அவருக்குத் தெரியாத ஒரு விஷயத்தையும் இதோடு சேர்த்துச் சொல்லப்போகிறேன். அது நம் கேட்டைப் பற்றியது. முதலில் கேட்ட தலைப்பு, பிறகு கேட்காத தலைப்பு. சாப்பாட்டுக்குள் முடித்துவிடுவேன்.

நான் பி.காம். படித்தவன். 1980-ல் ஒரு வங்கியில் கிளார்க்காகச் சேர்ந்து, 2018-ல் கிளார்க்காகவே ஓய்வு பெற்றேன். புரமோஷன் வாங்கினால் வடக்கே மாற்றுவார்கள் என்று எழுதிக் கொடுத்து மறுத்தவர்களில் நானும் ஒருவன். முப்பத்தெட்டு வருடத்தில் பெரும்பகுதி நாற்காலியில்தான். டோக்கன், லெட்ஜர், டே புக், பிறகு கம்ப்யூட்டர். இடுப்புக்கும் நாற்காலிக்கும் நடுவே ஒரு நிரந்தர வைப்பு போட்ட மாதிரி வாழ்க்கை.

2010-ல், எனக்கு 52 வயதில், ரத்தப் பரிசோதனையில் சர்க்கரை எல்லைக்கோட்டில் நின்றது. டாக்டர் நடக்கச் சொன்னார். ஞாயிற்றுக்கிழமைகளில் பெசன்ட் நகர் கடற்கரைக்குப் போய் நடந்தேன். அங்கே தலை முழுக்க நரைத்த ஒருவர் ஓடிக்கொண்டிருந்தார். நான் ஒருமுறை போய்த் திரும்புவதற்குள் அவர் என்னை மூன்று முறை கடந்து போனார். மூன்றாவது முறை எனக்கு வெட்கமாகிவிட்டது. அடுத்த வாரம் ஒரு விளக்குக் கம்பத்திலிருந்து அடுத்த கம்பம் வரை ஓடினேன். பிறகு இரண்டு கம்பம் நடந்தேன். எல்லாம் அப்படித்தான் ஆரம்பித்தது.

2014-ல் முதல் அரை மாரத்தான். 21.1 கிலோமீட்டர், 2 மணி 38 நிமிடம். பரிசு வாங்கும் நேரம் இல்லை. ஆனால் முடித்துவிட்டு வந்து, என் பெண்ணின் கல்யாணத்தில்கூட அழாத நான் பார்க்கிங்கில் நின்று அழுதேன். இப்போது அந்தத் தூரம் ஓடுவதில்லை. பத்து கிலோமீட்டர் போதும். அன்று 1 மணி 8 நிமிடத்தில் ஓடிய பத்து கிலோமீட்டருக்கு இன்று 1 மணி 24 நிமிடம் ஆகிறது. தேய்மானம் உண்டு என்று காமர்ஸ் படித்தவனுக்கு யாரும் சொல்லித்தர வேண்டியதில்லை. ஆனால் தேய்மானம் கழித்த பிறகும் இயந்திரம் ஓடுகிறதா என்பதுதான் என் கேள்வி.

"இந்த வயதில் ஓடினால் முட்டி போய்விடாதா?" என்று இந்த வளாகத்தில் என்னைக் கேட்காதவர்கள் குறைவு. அமெரிக்காவின் ஸ்டான்ஃபோர்டு பல்கலைக்கழகத்தில் ஜேம்ஸ் ஃப்ரைஸ் என்ற மருத்துவரும் அவர் குழுவும் 1984-ல் ஓர் ஆய்வைத் தொடங்கினார்கள். 50 வயதுக்கு மேற்பட்ட ஓட்டக்காரர்கள் ஒரு பக்கம், அதே வயதில் ஓடாதவர்கள் ஒரு பக்கம். இருபது வருடத்துக்கு மேல் விடாமல் பின்தொடர்ந்தார்கள். 19 வருடம் கழித்துப் பார்த்தபோது ஓடாதவர்களில் 34 சதவீதம் பேர் இறந்திருந்தார்கள். ஓடியவர்களில் 15 சதவீதம். குளிப்பது, உடுத்துவது, எழுந்து நடப்பது போன்ற அன்றாட வேலைகளுக்குத் தடுமாறும் நிலை ஓட்டக்காரர்களுக்குப் பல வருடம் தள்ளியே வந்தது. முட்டித் தேய்மானமும் ஓடியவர்களுக்கு அதிகமாக இல்லை.

இதில் ஒரு எச்சரிக்கை உண்டு. ஐம்பதில் ஓடிக்கொண்டிருப்பவர் முன்பே கொஞ்சம் ஆரோக்கியமானவராக இருந்திருப்பார். ஆகவே எல்லாப் பெருமையையும் ஓட்டத்தின் கணக்கில் வரவு வைக்கக் கூடாது. ஆனால் ஓடினால் முட்டி கட்டாயம் போய்விடும் என்ற பயத்துக்கு அந்த ஆய்வில் ஆதாரம் இல்லை.

இன்னொருவரைச் சொல்கிறேன். எட் விட்லாக், கனடாக்காரர். 70 வயதுக்கு மேல் முழு மாரத்தானை மூன்று மணி நேரத்துக்குள் ஓடிய முதல் மனிதர். 73 வயதில் 2 மணி 54 நிமிடத்தில் ஓடினார். அவருக்கு கோச் கிடையாது. வீட்டுக்குப் பக்கத்திலிருந்த கல்லறைத் தோட்டத்துக்குள் சுற்றிச் சுற்றி, மெதுவாக, மணிக்கணக்கில் ஓடுவார். அங்கே வண்டி வராது என்பது ஒரு வசதி. நிம்மதியாக ஓட ஓர் ஓட்டக்காரர் கல்லறைக்குப் போக வேண்டியிருந்ததை நினைத்தால் எனக்குச் சிரிப்பும் வரும், கொஞ்சம் யோசனையும் வரும்.

இனி என் அனுபவத்தில் கண்ட சில விதிகள். நான் டாக்டர் இல்லை. இவற்றை சி பிளாக் டாக்டரம்மாவிடம் காட்டித் தலையாட்ட வைத்த பிறகே சொல்கிறேன்.

ஓட ஆரம்பிக்கும் முன் ஒருமுறை இதயப் பரிசோதனை செய்துகொள்ளுங்கள். ஓடும்போது பக்கத்தில் இருப்பவரோடு முழு வாக்கியமாகப் பேச முடிய வேண்டும். முடியவில்லை என்றால் வேகம் அதிகம். நடுவே நடப்பது அவமானம் இல்லை. நான் இன்றும் நான்கு நிமிடம் ஓடி ஒரு நிமிடம் நடக்கிறேன். வாரத்தில் நான்கு நாள் ஓட்டம் போதும். இரண்டு நாள் தசைக்கான பயிற்சி. நாற்காலியில் உட்கார்ந்து கை ஊன்றாமல் எழுவதைப் பத்து முறை செய்தால்கூட அது பயிற்சிதான். வயதானால் தசை கரையும், ஓட்டம் மட்டும் அதைத் தடுக்காது. பல் தேய்க்கும்போது ஒற்றைக் காலில் நில்லுங்கள், பக்கத்தில் சுவர் இருக்கட்டும். சர்க்கரைக்கு மாத்திரையோ ஊசியோ எடுப்பவர்கள் வெறும் வயிற்றில் ஓடுவது பற்றி டாக்டரைக் கேளுங்கள், சட்டைப்பையில் இரண்டு மிட்டாய் வையுங்கள். பெயர், ரத்த வகை, வீட்டு எண், ஒரு போன் நம்பர் எழுதிய சீட்டும் இருக்கட்டும். நெஞ்சில் அழுத்தம், தலைசுற்றல், காரணமில்லாத மூச்சுத் திணறல் வந்தால் அன்றைய ஓட்டம் அங்கேயே முடிந்தது. "இன்னும் ஒரு ரவுண்டு" என்பது அங்கே வீரம் ஆகாது.

செயலாளர் கேட்ட தலைப்பு இத்தோடு முடிந்தது. இனி என் தலைப்பு.

காரில் போகிறவருக்குத் தெரு என்றால் ஒரு டிராஃபிக் சிக்னல், ஒரு ஹாரன். காலையில் ஐந்தேகால் மணிக்கு ஓடுகிறவனுக்குத் தெரு என்பது ஒவ்வொரு சிலாபாகத் தெரியும். எந்த மூடி ஆடும், எந்தக் கம்பி நீட்டிக்கொண்டிருக்கும், எந்த விளக்கு மூன்று நாளாக எரியவில்லை, எந்த முனையில் யார் குப்பையைக் கொளுத்துகிறார்கள் எல்லாம் தெரிந்துவிடும். நாம் எழுவதற்கு முன்பே நம் தெருவைப் பெருக்கி முடிக்கும் அம்மாவுக்கும் எனக்கும் பதினைந்து வருடப் பழக்கம். அவர் என்னிடம் ஒருநாள் கேட்டார்: "ஏன் சார், துரத்துறாங்களா?"

வங்கிப் பழக்கம் விடவில்லை. ஒரு நோட்டுப் போட்டேன். தேதி, இடம், விளக்குக் கம்ப எண், என்ன பழுது, யாரிடம் சொன்னேன், என்று சரியானது. மாநகராட்சியின் 1913-க்குப் போன் செய்து புகார் எண் வாங்கி அதையும் எழுதுவேன். இதுவரை 212 பதிவுகள். அதில் 131 சரியாகிவிட்டன. 81 இன்னும் நிலுவை. சில வராக்கடன் என்று தள்ளுபடி செய்ய வேண்டியவை. பழைய மார்க்கெட் முனையில் குப்பை எரிவது அதில் ஒன்று. பன்னிரண்டு முறை எழுதியிருக்கிறேன். இன்னும் எரிகிறது.

"இந்த நாட்டை நீ ஒருத்தன் மாத்திடப் போறியா?" என்று என் சொந்தத் தம்பி கேட்பான். நான் காலேஜில் சேர்ந்தபோது நெருக்கடி நிலை. அரசியல் சாசனத்தில் குடிமக்களின் அடிப்படைக் கடமைகள் என்று 51ஏ பிரிவைச் சேர்த்தது அப்போதுதான், 1976-ல். கடமைகளை எழுதிய அந்த நேரத்தில் பல உரிமைகளை நிறுத்தி வைத்திருந்தார்கள் என்பதும் எங்களுக்குத் தெரியும். இருந்தாலும் பொதுச் சொத்தைக் காப்பது கடமை என்ற வரி என் மனதில் தங்கிவிட்டது. வங்கியில் சேர்ந்த புதிதில், 1980-ல்தான் மேலும் ஆறு வங்கிகளை அரசுடைமை ஆக்கினார்கள். கவுண்ட்டரில் நிற்கும் பூக்காரம்மாவுக்கும் வங்கி சொந்தம் என்று எங்கள் மேனேஜர் சொல்வார். அவர் அதை நம்பினார். நானும் நம்பினேன்.

அந்த நம்பிக்கைக்கும் வயதாகிறது, நண்பர்களே. இருபதில் ஊரையே திருத்தலாம் என்று நினைக்கிறோம். நாற்பதில் நம் குழந்தைகள் படிப்பு. அறுபதில் "எல்லாம் இப்படித்தான், விடுங்க" என்கிறோம். முட்டி வலிப்பதற்கு முன்னாலேயே இது வலிக்க ஆரம்பித்துவிடுகிறது. ஓட்டம் எனக்கு இதில் ஒன்று கற்றுத்தந்தது. 21 கிலோமீட்டர் முடியவில்லை என்றால் பத்து ஓடு, பத்து முடியவில்லை என்றால் மூன்று ஓடு. வேகம் குறைந்ததற்காக ஷூவைத் தூக்கி எறியாதே. ஊரைத் திருத்த முடியவில்லை என்றால் தெருவைப் பார், அதுவும் முடியவில்லை என்றால் உன் வாசலைப் பார். இப்படி நினைத்துக்கொண்டு நான் ரொம்பத் திருப்தியாக இருந்தேன். போன அக்டோபர் வரை.

அக்டோபர் மாதம், மழைவிட்ட ஒரு காலை. ஓடி முடித்துவிட்டுத் திரும்பி வந்தேன். நம் வளாகத்துக்கு வரும்போது நடைபாதை முடிந்துவிடும். நம் கேட் ராம்ப் நடைபாதையை மூடிக்கொண்டு சாலை விளிம்பு வரை இறங்குகிறது. அதனால் அங்கே சாலையில் இறங்கித்தான் ஓட வேண்டும். அன்று ஒரு தண்ணீர் லாரி வந்தது. ஒதுங்கி ராம்ப் மேல் கால் வைத்தேன். பாசி படிந்த டைல்ஸ். அடுத்த நொடி நான் தரையில், இடது கை எனக்கு அடியில்.

மணிக்கட்டு எலும்பு முறிவு. ஆறு வாரம் மாவுக்கட்டு. வாட்ச்மேன் தம்பிதான் தூக்கி உட்கார வைத்து, தன் துண்டைக் கிழித்துக் கையைத் தொங்கவிட்டார். அவருக்கு இந்த மேடையிலிருந்து நன்றி சொல்கிறேன்.

என் மனைவி ஆஸ்பத்திரியில் ஒன்றும் சொல்லவில்லை. வீட்டுக்கு வந்து எனக்குச் சட்டைப் பொத்தான் போட்டுவிடும்போதுதான் சொன்னாள். "என்னங்க, போதும். ஓடினது போதும். இன்னொரு தடவை விழுந்தா எடுக்க எனக்குத் தெம்பு இல்ல." நான் பதில் சொல்லவில்லை. நியாயமான பேச்சுக்கு உடனே பதில் சொல்லக் கூடாது.

கட்டோடு உட்கார்ந்திருந்த நாட்களில் எனக்குக் கோபம்தான் வேலை. நடைபாதையை இப்படி அடைத்தது யார், யாருக்கு எழுதலாம், தகவல் உரிமைச் சட்டத்தில் கேட்கலாமா என்று யோசித்தேன். பத்து ரூபாய்க் கட்டணம், முப்பது நாளில் பதில். வலது கை நன்றாகத்தான் இருந்தது. எழுதுவதற்கு ஆதாரம் வேண்டுமே என்று சங்கத்தின் பழைய ஃபைல்களைச் செயலாளரிடம் கேட்டு வாங்கினேன். எதற்கு என்று அவர் கேட்கவில்லை, நானும் சொல்லவில்லை.

2012-ஆம் வருட ஃபைல். "நுழைவாயில் சாய்தளம் அமைத்தல். செலவு ரூ. 38,500. தலைப்பு: கட்டட மேம்பாடு." வவுச்சரில் இரண்டு கையெழுத்து. ஒன்று அப்போதைய தலைவருடையது. அவர் இப்போது நம்மிடையே இல்லை. இன்னொன்று பொருளாளருடையது. பொருளாளர் நான்தான்.

முப்பத்தெட்டு வருடத்தில் ஆயிரக்கணக்கான கையெழுத்துகளைச் சரிபார்த்திருக்கிறேன். என் கையெழுத்தை அவ்வளவு நேரம் பார்த்தது அதுதான் முதல் முறை.

நியாயத்தையும் சொல்லிவிடுகிறேன். அன்று நாம் கெட்ட எண்ணத்தில் செய்யவில்லை. பழைய தாரைச் சுரண்டி எடுக்காமல் மேலே மேலே போட்டதில் சாலை உயர்ந்தது. மழைத் தண்ணீர் பார்க்கிங்குக்குள் வந்தது. பார்க்கிங் தரையை ஒன்றரை அடி உயர்த்தினோம். உயர்த்தியதும் கார் ஏற ராம்ப் வேண்டும். உள்ளே கட்டினால் ஒரு கார் நிறுத்தும் இடம் குறையும் என்று வெளியே கட்டினோம். நம் இடம் மிச்சம். ஐந்து அடி வெளியே, பதினெட்டு அடி நீளத்துக்கு, தெருவின் இடத்தை எடுத்துக்கொண்டோம். பொதுக்குழுவில் ஒருவரும் கேட்கவில்லை. கேட்டிருக்க வேண்டியவன் காசோலை எழுதிக்கொண்டிருந்தான்.

இன்னொன்றும் இருக்கிறது. நம் நடைபாதைக்கு அடியில்தான் மழைநீர் வடிகால் போகிறது. சாலைத் தண்ணீர் அதற்குள் இறங்குவதற்குச் சாலை விளிம்பில் துவாரங்கள் இருக்கும். நம் ராம்ப் அதில் இரண்டை மூடியிருக்கிறது. 2015 டிசம்பர் வெள்ளத்தில் எதிர்வீட்டு முதல் படுக்கையறை வரை தண்ணீர் போனது. அதற்கு நம் ராம்ப்தான் காரணம் என்று சொல்ல மாட்டேன், அது ஊரையே மூழ்கடித்த வெள்ளம். ஆனால் ஒவ்வொரு சாதாரண மழைக்கும் அவர்கள் வாசலில் தண்ணீர் நிற்பதை நாம் எல்லோரும் பால்கனியிலிருந்து பார்க்கிறோம்.

அதே ஃபைலில், அடுத்த வருடத்தில், இன்னொரு கடிதம். எதிர் நடைபாதையில் இட்லி வண்டி போட்டிருந்த அம்மாவை அகற்றக் கோரி நாம் கொடுத்த மனு. 31 வீட்டார் கையெழுத்து. வாசகம் நான் எழுதியது. "பாதசாரிகளுக்குப் பெரும் இடையூறாக" என்று எழுதியிருக்கிறேன். மனு கொடுத்த மூன்றாவது வாரம் வண்டியை எடுத்துவிட்டார்கள். 2014-ல் தெரு வியாபாரிகளுக்கான சட்டம் வந்தது. அதன்படி அவர்களைக் கணக்கெடுக்க வேண்டும், சான்றிதழ் தர வேண்டும், இடம் ஒதுக்க வேண்டும், முன்னறிவிப்பு இல்லாமல் தூக்கக் கூடாது. அந்த அம்மாவுக்கு அது ஒரு வருடம் தாமதமாகிவிட்டது.

அந்த வண்டியைச் சுற்றிப் போக இடம் இருந்தது. நான் தினமும் போயிருக்கிறேன். நம் ராம்பைச் சுற்றிப் போக இடம் இல்லை, சாலையில்தான் இறங்க வேண்டும். இடையூறு என்று மனு எழுதியவன் யார், இடையூறு செய்தவன் யார் என்று கணக்குப் பார்த்தால், இரண்டு பக்கமும் ஒரே பெயர் வருகிறது.

அவர் இப்போது ரேஷன் கடைக்குப் பின்னால் கடை போட்டிருக்கிறார். கட்டுப் பிரித்த மறுநாள் போனேன். நான்கு இட்லி வாங்கிக்கொண்டு, "அம்மா, அப்ப மனு எழுதினது நான்தான்" என்றேன். அவர் என்னை ஒருமுறை நிமிர்ந்து பார்த்தார். "தெரியும் சார். நீங்க வெள்ளைச் சட்டை போட்டு அந்த ஆபீசரோட வந்து நின்னீங்களே" என்றார். பிறகு, "காரச் சட்னியா, தேங்காயா?" என்று கேட்டார். மன்னித்தேன் என்று சொல்லவில்லை. சொல்ல வேண்டிய அவசியமும் அவருக்கு இல்லை.

நண்பர்களே, போன வருடம் மே மாதம் உச்ச நீதிமன்றம் ஒரு உத்தரவு போட்டது. மக்கள் நடக்க முறையான நடைபாதை இருப்பது அரசியல் சாசனத்தின் 21-வது பிரிவு தரும் வாழ்வுரிமையில் அடங்கும் என்றது. மாற்றுத்திறனாளிகளும் பயன்படுத்தும்படி இருக்க வேண்டும், ஆக்கிரமிப்புகளை அகற்ற வேண்டும் என்றும் சொன்னது. கோயம்புத்தூரைச் சேர்ந்த எலும்பு மருத்துவர் எஸ். ராஜசேகரன் 2012-ல் தொடுத்த சாலைப் பாதுகாப்பு வழக்கில் வந்த உத்தரவு அது. உடைந்த எலும்புகளைச் சேர்க்கிற ஒருவர், அவை எங்கே உடைகின்றன என்று பார்க்கப் போயிருக்கிறார். நாம் ராம்ப் கட்டியதும் அதே 2012-தான்.

இந்திய சாலைக் காங்கிரஸ் விதிமுறை நடைபாதையில் தடையில்லாமல் நடக்க குறைந்தது 1.8 மீட்டர் அகலம் கேட்கிறது. அதாவது இரண்டு சக்கர நாற்காலிகள் ஒன்றையொன்று கடக்கும் அளவு. உயரம் 150 மில்லிமீட்டருக்கு மேல் கூடாது. வீட்டு வாசல்களிலும் நடைபாதை அதே மட்டத்தில் தொடர வேண்டும். கார்தான் நடைபாதை மேல் ஏறிக் கடக்க வேண்டும், நடக்கிறவர் காருக்காக இறங்கக் கூடாது. நாம் செய்திருப்பது நேர் தலைகீழ்.

ஃபௌஜா சிங் என்ற பெரியவரைச் சிலர் கேள்விப்பட்டிருப்பீர்கள். பஞ்சாபில் பிறந்து இங்கிலாந்துக்குப் போனவர். மனைவியையும் மகனையும் இழந்த துயரத்தில் ஓட ஆரம்பித்தார். 89 வயதில் லண்டனில் முதல் மாரத்தான். 2011-ல், 100 வயதில், டொராண்டோ மாரத்தானை எட்டு மணி நேரத்துக்குச் சற்று மேல் ஓடி முடித்தார். பிறப்புச் சான்றிதழ் இல்லை என்று கின்னஸ் அதை ஏற்கவில்லை. பேப்பர் இல்லாமல் எதையும் ஏற்காத வங்கிக்காரன் என்ற முறையில் எனக்குக் கின்னஸ் மேல் கோபம் இல்லை. போன வருடம் ஜூலையில், 114 வயது என்று சொல்லப்பட்ட அந்தப் பெரியவர் ஜலந்தர் அருகே தன் கிராமத்துப் பக்கம் சாலையைக் கடக்கும்போது ஒரு வாகனம் மோதி இறந்துபோனார். நூறு வருடத்துக்கு மேல் எதனாலும் விழாத உடம்பு. சாலையில் விழுந்தது.

அந்தச் செய்தியைப் படித்தபோது நான் "ஐயோ பாவம்" என்று பேப்பரை மடித்து வைத்தேன். கை உடைந்த பிறகுதான் மறுபடி எடுத்துப் படித்தேன்.

ஆகவே அடுத்த மாதம் பொதுக்குழுவில் நான் ஒரு தீர்மானம் கொண்டு வருகிறேன். ராம்பை உள்ளே இழுக்க வேண்டும். கேட்டுக்கும் முதல் தூணுக்கும் நடுவே நமக்குப் பன்னிரண்டு அடி இருக்கிறது. ஒன்றரை அடி உயரத்தைப் பன்னிரண்டு அடியில் ஏறலாம், கார் அடி தட்டாது. வெளியே உடைத்து, மாநகராட்சிப் பொறியாளரிடம் கேட்டு, வடிகால் துவாரங்களைத் திறந்துவிட வேண்டும். சுற்றுச்சுவருக்கு வெளியே நாம் வரிசையாக வைத்திருக்கும் பூந்தொட்டிகளையும் உள்ளே எடுக்க வேண்டும். மேஸ்திரி கொடுத்த மதிப்பீடு 85,000 ரூபாய். 48 வீட்டுக்குப் பிரித்தால் வீட்டுக்கு 1,771 ரூபாய். கட்டட நிதியில் பணம் இருக்கிறது, தனி வசூல் தேவையில்லை. ஒரு கார் இடம் குறையும். அது விருந்தினர் பார்க்கிங்கில் முதலாவது.

நீங்கள் என்ன கேட்பீர்கள் என்று எனக்குத் தெரியும். ஏனென்றால் 2012-ல் நானே இவற்றையெல்லாம் சொல்லியிருப்பேன்.

"தெரு முழுக்க எல்லாரும் இப்படித்தானே கட்டியிருக்காங்க?" ஆமாம். எண்ணிப் பார்த்தேன், நம் தெருவில் 23 ராம்ப். எல்லோரும் மற்றவர் எடுக்கட்டும் என்று காத்திருக்கிறார்கள். யாராவது ஒருவர் முதலில் எடுத்தால்தான் மற்ற 22 பேரிடம் போய்ப் பேச முடியும். பேசும் பொறுப்பை நான் ஏற்கிறேன், நடந்துதானே போக வேண்டும்.

"மாநகராட்சி நோட்டீஸ் விட்டா பார்த்துக்கலாமே?" பார்த்துக்கொள்ளலாம். இட்லிக்கார அம்மாவுக்கு நோட்டீஸ் வரவில்லை, நேரே லாரி வந்தது. நமக்கு மட்டும் நோட்டீஸ் வரும் என்று நாம் நம்புகிறோம் பாருங்கள், அந்த நம்பிக்கை எங்கிருந்து வந்தது என்று யோசித்துப் பாருங்கள்.

"நாங்க காரில் போறோம், நடைபாதை எங்களுக்கு எதுக்கு?" இன்று கார். என் வயதுக்கு வரும்போது கண் மங்கும், பிள்ளைகள் சாவியை வாங்கி வைத்துக்கொள்வார்கள். அப்புறம் மருந்துக் கடை வரை கால்தான்.

இனி என் ஓட்டம். எலும்பு சேர்ந்துவிட்டது. எலும்பு அடர்த்திப் பரிசோதனையும் செய்தாயிற்று, கால்சியம் எடுக்கிறேன். என் மனைவி யோசித்துவிட்டு ஒரு சமாதான ஒப்பந்தம் போட்டாள். வெளிச்சம் வந்த பிறகுதான் கிளம்ப வேண்டும். மழை நாளில் ஓட்டம் இல்லை, மொட்டை மாடியில் நடை. கையில் போன். நான்காவது நிபந்தனையை நான் எதிர்பார்க்கவில்லை. "நானும் வரேன்" என்றாள். நான் ஓடி ஓடித் திரும்பி வந்து அவளோடு சேர்ந்துகொள்கிறேன், அவள் நடக்கிறாள். இரண்டாவது நாளே நம் கேட்டில் சாலையில் இறங்கும்போது என் தோளைப் பிடித்துக்கொண்டு கேட்டாள்: "இதைக் கட்டினவன் யாருங்க?"

சொன்னேன். கொஞ்ச தூரம் பேசாமல் நடந்தாள். அப்புறம், "அப்ப நீங்கதான் எடுக்கணும்" என்றாள்.

அதனால்தான் இதைப் பேச வந்தேன். சட்டமும் விதிமுறையும் சொன்னேன், சரி. ஆனால் எனக்குள்ள காரணம் சின்னது. கையெழுத்து என்னுடையது. உயிரோடு இருக்கும்போதே அதைச் சரிசெய்துவிட வேண்டும். 38,500-ல் என் வீட்டுப் பங்கு அன்று 802 ரூபாய் வந்திருக்கும். அதை வட்டியோடு தர நான் தயார். வட்டி விகிதத்தைப் பொருளாளர் சொல்லட்டும்.

ஒரே ஒரு கோரிக்கை. தீர்மானத்துக்கு எதிராக வாக்களிப்பவர்கள் உட்பட எல்லோரையும் கேட்கிறேன். வரும் ஞாயிற்றுக்கிழமை காலை ஏழு மணிக்கு கேட்டுக்கு வாருங்கள். ஓட வேண்டாம். சி பிளாக் பாட்டியை அவர் சக்கர நாற்காலியில் வைத்து நம் கேட்டிலிருந்து மருந்துக் கடை வரை தள்ளிக்கொண்டு போவோம். இருநூறு மீட்டர்தான். பாட்டியிடம் கேட்டுவிட்டேன். "மூணு வருஷமா அந்தப் பக்கம் பார்க்கலையே, போலாம்" என்றார். ஒவ்வொருவரும் இருபது அடி தள்ளுங்கள். எங்கே நாற்காலியைத் தூக்க வேண்டியிருக்கிறது, எங்கே சாலையில் இறங்க வேண்டியிருக்கிறது என்று எண்ணுங்கள். எண்ணிவிட்டு வந்து பொதுக்குழுவில் உங்கள் மனசாட்சிப்படி வாக்களியுங்கள்.

டேப்பும் நோட்டும் நான் கொண்டு வருகிறேன். திரும்பும்போது ரேஷன் கடைக்குப் பின்னால் இட்லி சாப்பிடலாம். அது என் செலவு.